எக்கோ மிஷின் தகராறு செய்த நாள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல்தான் ஏறும். பாட்டு வாத்தியாருக்கு அது ஒரு சௌகரியம். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் எங்கள் வீடு. நான் ஒரு மாணவியை அதட்டினால் கீழே இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்ப்பார். அப்படிப்பட்ட குரல் அந்த வருடம் கார்த்திகை பிறந்ததும் கம்மத் தொடங்கியது. தொண்டைக்குள் யாரோ கம்பளியைத் திணித்து வைத்தது மாதிரி இருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டேன்.

பனிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருக்க வேண்டும். கால் வீங்கியது. செருப்பு பிடித்தது. இருபத்திரண்டு படி ஏறி வந்தால் கதவுச் சாவியை எடுப்பதற்கு முன் சுவரில் சாய வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்தால் இருமல். அதனால் ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். என் கணவர் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் எந்த வியாதிக்கும் முதல் பெயர் வாயு, அதாவது கேஸ்தான். வாசல்வரை எமன் வந்து நின்றாலும் கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

எனக்கே உறைத்தது ஒரு வகுப்பில்தான். ஒரே மூச்சில் முடிய வேண்டிய ஒரு நீண்ட ராகப் பிடி. பாதியில் நின்று மூச்சு எடுத்தேன். எதிரே இருந்த பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டாள். அவமானமாக இருந்தது. அதற்கு நான் செய்த வைத்தியம், மறுநாள் முதல் அரை மணி முன்னதாக எழுந்து கூடுதலாகச் சாதகம் செய்தது. மூச்சு போதவில்லை என்றால் பாடகிக்குத் தெரிந்த ஒரே காரணம் பயிற்சி போதவில்லை என்பதுதான்.

எங்கள் குடும்ப டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "சத்தம் எங்கேயோ பக்கத்து ஆத்துலேருந்து கேக்கறாப்ல இருக்கே" என்று சொல்லி, ஒரு சீட்டில் எக்கோ என்று எழுதி, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற டெஸ்ட், நாளைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார். சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். மார்கழியில் சபாக்களில் காலையிலிருந்து இரவுவரை கச்சேரி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பாடுகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர், கேன்டீனில் இலை காலியாகும்வரை ஏ.சி.யில் உட்கார வந்தவர்கள். இருபத்தாறு வருடம் நான் அந்தப் பன்னிரண்டு மணிக்காரி. அந்த வருடம்தான் தி. நகரில் ஒரு சபாவில் நாலு மணி கொடுத்தார்கள். நாலு மணி என்றால் டிக்கெட் உண்டு, பேப்பரில் இரண்டு வரி விமர்சனம் வந்தாலும் வரலாம். அது முடியட்டும், பிறகு எக்கோவோ கூக்கோவோ எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாக இருந்தேன்.

அதிகம் பேசாத என் கணவர் கச்சேரி நாளன்று காலையில் வாயைத் திறந்தார். "பதினொன்றரைக்கு தி. நகர்ல எக்கோவுக்கு டைம் வாங்கியாச்சு. அதை எடுத்துண்டு அப்படியே சபாவுக்குப் போலாம். அது இல்லேன்னா நான் காரை எடுக்கறதா இல்லை."

"கச்சேரி அன்னிக்கா? ஏன்னா, உங்களுக்கு புத்தி கித்தி இருக்கா?"

"அரை மணி வேலை" என்றார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

அப்படித்தான் நான் அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் பட்டும், அட்டிகையும், தலை நிறைய மல்லிகையுமாக எக்கோ எடுக்கப் போனேன். பனகல் பார்க் பக்கம் ஒரு குறுக்குத் தெரு. கீழே பாத்திரக்கடை, மேலே ஸ்கேன் சென்டர். லிஃப்ட் இருந்தது, நல்லவேளை. வரவேற்பில் இருந்தவர், படம் இப்போது எடுத்துவிடுவார்கள், டாக்டர் சாயந்திரம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார், ரிப்போர்ட் ஆறு மணிக்கு என்றார். எனக்கு ரொம்ப வசதி. ஆறு மணிக்குள் கச்சேரி முடிந்திருக்கும்.

எக்கோ எடுக்கும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். கொண்டையை இறுக்கிப் போட்டு, நீலக் கோட்டு மாட்டி, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பட்டுப் பொடவையோட வந்துட்டீங்களே மா. ஜெல் பட்டா கறை ஆயிடும். அவுத்து அந்த ஹேங்கர்ல மாட்டிட்டு, இந்த கவுன் போட்டுக்கங்க."

அறையில் குளிரும் இருட்டும். மார்பில் மூன்று இடத்தில் ஒயரை ஒட்டினாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். படுத்ததும் இருமல் பிய்த்துக்கொண்டது. அவள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். ஜில்லென்று ஜெல்லைப் பூசி, சோப்புக்கட்டி அளவுக்கு இருந்த கருவியை விலாவுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். திரை அவள் பக்கம். என் பக்கம் சுவர்.

"மூச்சை இழுத்து, வெளிய வுட்டு, அப்படியே நிறுத்துங்க மா."

நிறுத்தினேன். மனசுக்குள் மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது.

"இன்னொரு தபா மா."

இந்தத் தடவை இரண்டு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் முப்பது வருஷமா பாடிண்டிருக்கேன். மூச்சு பிடிக்கறதைப் பத்தி நேக்கு நீ பாடம் எடுக்காதே" என்றேன். இதைச் சொல்வதற்கே இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சரிங்க மா. கஷ்டமா இருந்தா வேணாம். சும்மா இருங்க."

கருவி விலாவிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கி, நெஞ்செலும்புக்குக் கீழே குத்திக்கொண்டு மேல்நோக்கிப் பார்த்தது.  பொத்தான் அழுத்தும் சத்தம் மட்டும். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளின் முகம் மாதிரி, அதில் ஒன்றுமே இல்லை. அக்கறையில்லாத ஜன்மம் என்று நினைத்தேன்.

பிறகு சொன்னாள். "மா, மிஷின் தகராறு பண்ணுது. ஸ்டக் ஆயிடுச்சு. ஒரு அஞ்சு நிமிசம் இப்படியே சாஞ்சுகினு இருங்க. ஆள வுட்டு பாக்கச் சொல்றேன்."

கருவியை அதன் கொக்கியில் மாட்டினாள். பக்கத்து மேஜையில் இருந்த டிஷ்யூ டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சுவரில் கடிகாரம் பன்னிரண்டு ஐந்து. பத்து. என் நெஞ்சு முழுக்க ஜெல். ஹேங்கரில் பட்டுப் புடவை. துடைக்காமல் ரவிக்கையைக்கூட மாட்ட முடியாது. கைக்கு எட்டின தூரத்தில் ஒரு துண்டு காகிதமோ துணியோ கிடையாது. கவுனாலேயே துடைக்கலாம் என்று பார்த்தால் அது நைலான் மாதிரி ஏதோ ஒன்று. ஜெல் இன்னும் பரவியதுதான் மிச்சம். "ஏம்மா" என்று கூப்பிட்டேன். என் காதுக்கே கேட்காத குரல். அது வேறு கோபத்தைக் கிளப்பியது.

கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் கையில் பி.பி. பார்க்கும் பட்டை இருந்தது. டிஷ்யூ டப்பா இல்லை. கதவிடுக்கு வழியாக ஒரு சக்கர நாற்காலியின் சக்கரம் தெரிந்தது. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மிஷின் என்னாச்சு?"

"பாத்துகினு கீறாங்க மா. அதுவரைக்கும் பி.பி. பாத்துடலாம்."

பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டாள். ஏதோ பரிவாகப் பிடித்திருப்பது போல் இருந்தது. இந்தச் சமாதானமெல்லாம் என்னிடம் பலிக்காது என்று இன்னும் சூடானேன்.

"இந்த ஓட்டை மிஷினைத் தூக்கி குப்பையில போடுங்கோ. நாலு மணிக்கு நேக்கு கச்சேரி. வயலின்காரர், மிருதங்கக்காரர் எல்லாரும் மூணுக்கே வந்துடுவா. உனக்கென்ன, நீ ஆத்துக்குப் போய்டுவே."

"நாலு மணிக்கா? அப்ப நிறைய டைம் கீது மா" என்றாள், விரலை எடுக்காமல்.

"எங்கேருந்து வரே நீ?"

"பெரும்பாக்கம் மா. மின்ன கோட்டூர்புரத்துல ஆத்தோரம் இருந்தோம். வூட்ட இடிச்சு அங்க கொண்டு போய்ட்டாங்க. காலைல அஞ்சரைக்கு கெளம்பினா இங்க வந்து மிஷின் ஆன் பண்ண கரெக்டா இருக்கும்."

"அவ்வளவு தூரத்துலேருந்து வந்து இந்த தரித்திரம் பிடிச்சதோட மாரடிக்கறியா?"

சிரித்தாள். "இன்னா மா பண்றது. அது கூடவே பன்னெண்டு வருசம் ஓட்டிட்டேன். நீங்க சொல்லுங்க, மேடையில எவ்ளோ நேரம் பாடுவீங்க?"

கேட்டால் போதாதா, ஆரம்பித்துவிட்டேன். எந்த ராகம் எடுக்கப் போகிறேன், இருபத்தாறு வருடம் பன்னிரண்டு மணிக்குப் பாடின கதை எல்லாம். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது நினைத்தால் தெரிகிறது: நான் பேசின ஒவ்வொரு வாக்கியத்தின் நீளத்தையும் அவள் அளந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஒரு டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். இரண்டு தெரு தள்ளித் தன் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பின்னால் என் கணவர், கையில் பாதி குடித்த டீ கிளாஸோடு. டாக்டர் கருவியை எடுத்து என் நெஞ்சில் வைத்தார். மிஷின் ஒரு முனகலும் இல்லாமல் வேலை செய்தது.

"சரியாயிடுத்தா?" என்றேன். 

டாக்டர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. என் பக்கம் குனிந்து நிதானமாகச் சொன்னார். இதயத்தைச் சுற்றி ஒரு உறை உண்டு, அதற்குள் நீர் கோத்திருக்கிறது, நிறையக் கோத்திருக்கிறது, இதயத்தை அமுக்க ஆரம்பித்துவிட்டது, உடனே எடுத்தாக வேண்டும், அடையாறில் ஆஸ்பத்திரிக்குப் பேசியாகிவிட்டது, கீழே ஆம்புலன்ஸ் நிற்கிறது.

"பேஷா எடுங்கோ" என்றேன். "ஆறு மணிக்கு நானே நேரா அங்க வந்துடறேன். நாலு மணிக்கு நேக்கு கச்சேரி."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் டீ கிளாஸைப் பார்த்தார். மனுஷனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். ரிஸ்க் என்றார், எந்த நிமிடமும் என்றார். நானும் மறுபடி ஆரம்பித்தேன். பன்னிரண்டு நாள் டாக்டர் சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

அந்தப் பெண் எழுந்தாள். திரையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். நோயாளிக்குக் காட்டக் கூடாது என்பது அங்கே சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் தடுக்கவில்லை.

"மா, இங்க பாருங்க. நடுவுல ஆடுது பாருங்க, அது உங்க ஹார்ட். சுத்தி கறுப்பா கீது இல்ல, அத்தனையும் தண்ணி. ஹார்ட்டு ஒவ்வொரு தபாவும் நல்லா விரியணும். விரிஞ்சாதான ரத்தம் உள்ள வரும். இந்த ஓரத்தைப் பாருங்க. விரியற நேரத்துல உள்ள அமுங்குது. எடம் இல்ல மா அதுக்கு."

பார்த்தேன். கறுப்புக் குளத்துக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறச் சதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தத்தளித்தது. அதன் மெல்லிய ஓரம் ஒன்று, திறக்க வேண்டிய நேரத்திலெல்லாம் மடங்கிக்கொண்டது. பாதி மூச்சில் பாட்டு அறுந்துபோகிறபோது உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த டாக்டரைவிடவும் எனக்குத் தெரியும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மாதமாகச் சாதகம் போதவில்லை என்று அதைப் போட்டு அடித்திருக்கிறேன். அதற்கு இடம் இல்லை. முதல் தடவையாகப் பயம் வந்தது.

"போலாம்" என்றேன். "கீழே நடந்து வரணுமா?"

"நடக்கக் கூடாது மா. நாற்காலி வெளிய ரெடியா நிக்குது."

அந்தச் சக்கரம் எனக்காகத்தான் வந்திருந்தது.

அடையாறில், மார்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு எக்கோவைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியைச் செலுத்தி நீரை எடுத்தார்கள். வெளிறிய மஞ்சள் நிறம். முக்கால் லிட்டருக்கு மேல் என்றார்கள். முதல் கால்வாசி வெளியே வந்ததுமே, நாள் முழுக்கப் போட்டிருந்த இறுக்கமான ரவிக்கையின் கொக்கியைக் கழற்றினது போல இருந்தது. மூச்சு உள்ளே போயிற்று. முழுசாகப் போயிற்று. நான் அழுதேன். ஐ.சி.யூ. கடிகாரத்தில் நாலு ஐந்து ஆகியிருந்ததற்காகவும் சேர்த்து அழுதேன். என் இடத்தில் பன்னிரண்டு மணிக்குப் பாடின ஒரு பெண்ணையே மறுபடி உட்கார வைத்தார்களாம். நன்றாகப் பாடினாள் என்று வயலின்காரர் வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரணம் இரண்டு நாளில் தெரிந்தது. தைராய்டு பாதாளத்துக்குப் போயிருந்தது. அது ரொம்பக் குறைந்தால் உடம்பில் அங்கங்கே நீர் கோக்குமாம்: கால், முகம், குரல்வளை, சிலருக்கு இதயத்தைச் சுற்றியும். நான் பல வருடமாகத் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவளாயிற்றே என்று சண்டைக்குப் போனேன். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கிருந்த பெண் டாக்டர் கேட்டார்.

"காத்தால எழுந்ததும். மொதல் காபியோட" என்றார் என் கணவர், முந்திக்கொண்டு.

"காபியோடவா?"

"ஆமா. கால்சியம் மாத்திரையையும் சேர்த்து, ஒரே முழுங்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். காபியும் கால்சியமும் சேர்ந்து மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன, இரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனையும் கிடையாது என்றார். அதாவது, டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, என்னை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன். இனிமேல் விடியற்காலையில் வெறும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. நெஞ்சில் ஊசி போட்டதைக்கூட மன்னித்துவிட்டேன். இந்த ஒரு மணி நேரத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

பங்குனியில் மறுபடி எக்கோ எடுக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். நான் தி. நகருக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இந்தத் தடவை நூல் புடவை. பையில் ஒரு டப்பா ரவா லாடு. அதே இருட்டு அறை, அதே கொண்டை, உள்பக்கம் திருப்பிக் கட்டின கடிகாரம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். இருமல் இல்லை.

"மூச்சை வெளிய வுட்டு, நிறுத்துங்க மா."

நிறுத்தினேன். அவள் படம் எடுத்து முடித்தும் நிறுத்தியிருந்தேன்.

"போதும் மா, வுடுங்க. நல்லா பாடகிதான், ஒத்துக்கறேன்" என்று சிரித்தாள். கேட்காமலே திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள். கறுப்பு வளையம் இல்லை. அந்த ஓரம் ஒவ்வொரு தடவையும் மடங்காமல் திறந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"மிஷின் இன்னிக்கு ஒழுங்கா இருக்கா?" என்றேன்.

"அது என்னிக்கும் நல்லாத்தான் மா கீது. எங்க வாயால ரிசல்ட் சொல்லக் கூடாது. சொன்னா பேஷன்ட்டு பயந்து எழுந்து ஓடுவாங்க, வழியில வுழுந்துடுவாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் அசையாம வெச்சிருக்கணும். அதுக்கு மிஷின் மேலதான் பழி போடணும்."

"என்னை மாதிரி எத்தனை பேர்கிட்ட பழி போட்டிருக்கே?"

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த கை கொஞ்சம் நின்றது. "இந்த மாதிரி தண்ணி அமுக்குற கேஸு, உங்களைச் சேத்து மூணு பேரு மா. ரெண்டு பேரு பொழைச்சீங்க. மொத ஆளு ஒரு அண்ணன், ஈக்காட்டுத்தாங்கல்ல லேத்து பட்டறை வெச்சிருந்தாரு. மிஷின் ரிப்பேருன்னு சொல்லிட்டு டாக்டருக்கு போன் பண்ண வெளிய போனேன். வேலை கெடக்குதுன்னு நெஞ்ச தொடைச்சுகினு சட்டைய மாட்டினு படி எறங்கிப் போய்ட்டாரு. நான் பின்னாடியே ஓடினேன். பஸ் ஸ்டாப்புல..."

அவள் கருவியை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். 

"அதுலேர்ந்துதான் மா" என்றாள், "வெளிய போனா டிஷ்யூ டப்பாவைக் கையோட எடுத்துகினு போய்டுவேன்."

பிறகு மேஜையிலிருந்த டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தொடைச்சுக்கங்க மா. நீங்க போலாம்."